நான்காம் பக்கத்துச் சிவப்பு வரிகள்

அந்த ஆலை அலுவலகத்தில் எங்கும் எழுதி வைக்கப்படாத விதி ஒன்று இருந்தது: தட்டச்சு செய்கிறவர் எதையும் படிக்கக் கூடாது. விரல்கள் வேலை செய்யலாம். மனம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இரண்டாம் மேசைக்கார அம்மாள் அந்த விதிக்கு இலக்கணமாகக் கருதப்பட்டவர். கணவர் போனபின் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. ஆறு ஆண்டுகளாகியும் நிரந்தரமாகவில்லை.

புதிய மென்பொருளை ஏற்றிய மறுநாளே பழைய கோப்புகளெல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் திறந்தன. மூன்று மணிக்குப் பாதுகாப்பு ஆய்வு அதிகாரி வருகிறார். அவர் கேட்டிருந்ததோ, பழைய விபத்து விசாரணை அறிக்கை.

“புது வீட்டுக்குக் குடிபோனா நாலு பாத்திரம் நசுங்கத்தான் செய்யும் சார்,” என்றார் கணினி பழுதுபார்ப்பவர்.

“நசுங்கினதை மூணு மணிக்குள்ள நிமிர்த்துய்யா!” மாற்றலாகி வந்து இரண்டே மாதமான மேலாளர் எரிந்து விழுந்தார்.

எழுத்துகள் ஒருவழியாக மீண்டன. கூடவே நான்காம் பக்கத்தில், குறுக்கே கோடிட்ட மூன்று சிவப்பு வரிகளும் முளைத்தன.

“இதென்ன, சாஃப்ட்வேர் சொந்தமா கதை எழுதுதா?”

“எப்பவோ அழிச்சது சார், ரிப்பேர்ல மேல வந்துடுச்சு. எந்த மேசையில அழிச்சாங்க, என்னைக்கு அழிச்சாங்கன்னுகூட ஓரத்துல காட்டும்.”

மேலாளர் முதல் வரியைப் படித்தார். முகம் சுருங்கியது. நேராக இரண்டாம் மேசைக்குப் போனார்.

“அம்மா, சிவப்பா இருக்கிறதைத் தூக்கிட்டு பிரிண்ட் எடுங்க. உங்க நிரந்தர ஆணை என் மேசையிலதான் இருக்கு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

“சரிங்க சார்.” அம்மாள் முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார். சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டார் மேலாளர்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்து அமர்ந்தார். அறிக்கை இன்னும் வரவில்லை.

“பெருசா ஒண்ணுமில்ல மேடம்,” மேலாளர் சிரித்து மழுப்பினார். “பணியாளர் எண் இருநூத்திப் பன்னிரண்டு. குடிச்சிட்டு வந்து மெஷின்ல கையை விட்டான். போய்ச் சேர்ந்தான்.”

கதவருகே அம்மாள் நின்றிருந்தார். கையிலிருந்த தாளில் சிவப்பு வரிகள் அப்படியே இருந்தன. உரக்கப் படித்தார்:

“‘பணியாளர் மது அருந்தியிருக்கவில்லை. இயந்திரத்தின் தடுப்புத் தகடு கழன்றிருப்பதாக அவர் இருமுறை எழுத்துமூலம் புகார் அளித்துள்ளார். அப்புகார்கள் கவனிக்கப்படவில்லை.’”

“உங்களை யாரும்மா படிக்கச் சொன்னது? அந்தக் குடிகாரனுக்கு நீங்க என்ன வேணும்?”

“பொண்டாட்டி. ஆறு வருஷமா நானும் அவரைக் குடிகாரர்னுதான் நம்பினேன்.”

தாளின் ஓரத்தில் பதிவாகியிருந்த ‘மேசை 2’ என்ற குறிப்பையும் தேதியையும் அம்மாள் அதிகாரியிடம் தொட்டுக் காட்டினார்.

“வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, இந்த மூணு வரியையும் படிக்காம அழிச்சவ நான்தான் மேடம்.”