முக்காலில் எத்தனை கால்

திரைச்சீலை இழுத்துவிட்ட படுக்கையறையில், வட்ட விளக்கின் வெள்ளை வெளிச்சம் கணக்கு டீச்சரின் முகத்தில் மட்டும் விழுகிறது. மடிக்கணினிக்குள், கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு பையன் கோணங்கள் படித்துக்கொண்டிருக்கிறான். வகுப்பு முழுவதும் பதிவாகிறது. வீட்டார் குரல் கேட்கக் கூடாது, டீச்சர் இடத்தைவிட்டு எழக் கூடாது என்பது ஆன்லைன் டியூஷன் கம்பெனியின் கண்டிப்பு. கதவை ஒருக்களித்து உள்ளே வரும் மகள், கேமராவில் படாத மூலையில் நிற்கிறாள். யூனிஃபார்ம் போட்டாயிற்று; ஒரு பக்கச் சடைதான் பின்னியிருக்கிறது. இன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை. போன தடவை ஃபெயில். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே விரித்து, ஒரு கணக்கின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறாள். டீச்சர் சிரித்த முகம் மாறாமல் ஓரக்கண்ணால் படிக்கிறாள். "கோணம் கொஞ்சம் இருக்கட்டும்பா. முக்காலைக் காலால வகுத்தா என்ன வரும்?" "டீச்சர், இது நம்ம பாடத்துல இல்லையே." "இல்லதான். சும்மா யோசி. முக்கால்ல எத்தனை கால் இருக்கு?" மகளின் புருவம் சுருங்குகிறது. புரியவில்லை என்று தலையாட்டுகிறாள். அதற்குள் தெருவில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது, மறுபடியும் அடிக்கிறது. மகள் புத்தகத்தை மூடி, வெறுங்காலால் ஓசையில்லாமல் நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். "மூணு டீச்சர்," என்கிறான் பையன். "ஆனா எப்படி மூணுன்னு தெரியல. சொல்லித் தாங்களேன்." வேன் கிளம்பும் சத்தம் தேய்ந்து மறைகிறது. டீச்சர் ஒரு வட்டம் வரைந்து, அதை நாலாகப் பிரித்து, மெதுவாக, முதலிலிருந்து, அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.