எதிர்க் கட்டில்

"எலே சோமா, பத்துலயே வண்டி நின்னாச்சா? நான் பதினஞ்சாக்கும்!"

எதிர்க் கட்டிலிலிருந்து ஜெயசிங் சிரித்தார். சோமனுக்கு இடுப்பை விட அந்தச் சிரிப்புதான் கூடுதலாக வலித்தது.

1995. நெய்யாற்றின்கரையில் ஒரு பிசியோதெரபி கிளினிக். இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டிய சோமனுக்கு, ஓய்வு பெற்றதும் மிஞ்சியது இடுப்பு நோவு. வாரம் மூன்று நாள் பாறசாலையிலிருந்து வந்து, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டே இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும்.

எதிரே, தளர்ந்துபோன வலது காலில் மணல்பை கட்டித் தூக்குகிற ஜெயசிங், அவருடைய பழைய கண்டக்டர்.

காட்டாக்கடை வண்டியில் பதினோரு வருஷம் ஒன்றாக ஓடியவர்கள். ஜெயசிங் பெல் அடிக்கிற விதத்திலேயே படியில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று சோமனுக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டு சாயாக்கடையில் ஒரு ரசவடையை இரண்டாகப் பிய்த்துத் தின்ற காலம் அது.

யூனியன் தேர்தலில் எதிரெதிராக நின்றார்கள். அதோடு பேச்சு அற்றுப்போனது. ஒன்பது வருஷம் கழித்து ஜெயசிங் வாயைத் திறந்தது, இப்படிக் குத்திக் காட்டத்தான்.

அடுத்த வாரம் சோமன் கிளம்பவில்லை.

"இன்னைக்குப் போவலியா?" மனைவி சுகுமாரி கேட்டாள்.

"செய்தாலும் நோவு, செய்யலேன்னாலும் நோவு. பின்ன எதுக்கு?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். காதுக்குள் ஜெயசிங் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாறேன். அந்தப் பயல் முன்னால தோக்க முடியாது."

பத்து, பன்னிரண்டானது. பன்னிரண்டிலேயே ஒரு மாசம் கிடந்தது. ஜெயசிங் விடவில்லை.

"என்னலே, ஏத்தத்துல திணறுதா?"

பல்லைக் கடித்துக்கொண்டு சோமன் இருபதைத் தொட ஐந்து மாசம் ஆயிற்று. இப்போது குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. சந்தைக்கு நடக்க முடிந்தது.

"இனி வீட்டிலேயே செய்யலாம், மாமா," என்றாள் தெரபிஸ்ட் லிஷா. "நோவு முழுசாப் போவாது. ஆனா ஒருநாள்கூட விடப்பிடாது, கேட்டியளா?"

சோமன் கம்பீரமாக எதிர்ப்பக்கம் பார்த்தார். கட்டில் காலி.

"எங்க அவன்? இருபதைக் கேட்டதும் ஒளிஞ்சிட்டானா?"

"அவரு இனி வரமாட்டாரு."

"பாதியில விட்டுட்டான், இல்லியா? எனக்குத் தெரியும்!"

காலிக் கட்டிலில் கிடந்த மணல்பையை லிஷா எடுத்து வைத்தாள்.

"அந்தக் காலுக்கு இதுனால பலன் இல்ல, நோவுதான் கூடும்னு டாக்டர் முதல் மாசமே நிறுத்தச் சொல்லியாச்சு, மாமா. 'எதிர்ல நான் இல்லேன்னா எங்க டிரைவர் வண்டிய ஓரங்கட்டிருவான், மக்கா'ன்னு சொல்லி, முந்தாநாள் நீங்க இருபதைத் தொடுற வரைக்கும் வந்தாரு."