ஷட்டர் எறக்கப் போன ஆளு

“ஷட்டர எறக்கிட்டு வான்னு நான்தான் அனுப்பினேன்.”

ரைஸ் மில் முதலாளி வெங்கட்ராம் எஸ்.ஐ.கிட்ட இதைச் சொல்லி முடிக்கல. பளார்னு கன்னத்துல ஒரு அறை விழுந்தது.

அடிச்சவன் பழனிவேல். செத்துப்போன அம்பலத்தோட மச்சான். ‘தானே’ புயல் சாய்ச்சுப் போட்ட மரத்தையெல்லாம் தாண்டி, கம்மாபுரத்துலேருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அப்பத்தான் வந்து சேர்ந்திருந்தான்.

“ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. அந்தப் பேய்க்காத்துல ஒரு மனுசன ஷட்டர் எறக்க அனுப்புவியா? உனக்கு நெல்லு மூட்டை ஒசத்தி, எங்க மச்சான் உசுரு எளக்காரமா?”

வெங்கட்ராம் கன்னத்தைக்கூடத் தடவிக்கல. “தப்புதான் தம்பி” ன்னார்.

“தப்பாம் தப்பு! உன் மில்லு காம்பவுண்டு சுவரு இடிஞ்சு மேல விழுந்து செத்திருக்காரு. ரெண்டு பொட்டப்புள்ளைங்க நடுத்தெருவுல நிக்குது. நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?”

மில்லுல அம்பலத்தோட வேலை செஞ்சவங்க நாலஞ்சு பேரு ஓரமா நின்னாங்க. ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல.

“கூலி குடுக்கிறவன்னா அவ்ளோ பயமா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

ஒருத்தர் துண்டால மூஞ்சத் தொடச்சுக்கிட்டார்.

எஸ்.ஐ. பழனிவேலை இழுத்து விலக்கிட்டு வெங்கட்ராம் பக்கம் திரும்பினார். “சார், இப்படிச் சொன்னா உங்க மேல கேஸ் ஆவும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். எழுதிக்குங்க” ன்னார் வெங்கட்ராம்.

திமிரைப் பாரு! பழனிவேலுக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்தது. வராண்டாவுல சுருண்டு கெடந்த தங்கச்சி லோகநாயகிகிட்டப் போய் உக்காந்தான்.

“அழுவாத தாயி. அந்தாள ஜெயில்ல தள்ளாம ஊரு திரும்ப மாட்டேன். புயல் அடிக்கையில வேலைக்குக் கூப்புட்டிருக்கான் பாவி!”

லோகநாயகி தலையைத் தூக்கினா. “யார வேலைக்குக் கூப்புட்டாங்க?”

“மச்சானத்தான்.”

“என்னண்ணே சொல்ற? புயலுக்கு மொத நாளே முதலாளி மில்லப் பூட்டிட்டு, நான் சொல்ற வரைக்கும் யாரும் வராதீங்கன்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரே!”

“அப்ப மச்சான் எதுக்கு அங்க போனாரு?”

“செனை ஆடு கயித்த அத்துக்கிட்டு ஓடிப்போச்சு. போவாதய்யான்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன். கேக்கல. தேடிக்கிட்டுப் போனவரு மில்லு சுவத்தோரமா ஒதுங்கியிருக்காரு...”

பழனிவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து எஸ்.ஐ.கிட்ட ஓடினான்.

“சார்... சார், இவரு சொன்னது...”

வெங்கட்ராம் சட்டுனு அவன் கையைப் பிடிச்சு ஓரமா தள்ளிக்கிட்டுப் போனார். கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்தது. குரலத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னார்.

“டூட்டியில செத்தாத்தான் தம்பி தொழிலாளர் இன்சூரன்ஸ்ல உன் தங்கச்சிக்கு மாசாமாசம் பென்ஷன். ஆட்டைத் தேடிப் போனவருக்கு எவன் தருவான்? இன்னும் ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சுக்க, வாயை மட்டும் தொறந்துடாத.”