பெரிய ராணி போட்ட மொஹிங்கா

விஜயகுமாரி மாமியாருக்குப் படிச்சுக் காட்டுற கதையில பாதி பொய்.

கண் ஆபரேஷன் முடிஞ்சு, கருப்புக் கண்ணாடியோட உக்காந்திருக்கிற மனுஷிகிட்டப் போய் இப்பிடிப் புளுகலாமான்னு கேட்டா, கேக்குறவங்க பக்கம்தான் நியாயம்.

மாமியார் கனகாம்பாளுக்கு டி.வி. கூடாது, எழுத்துக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. இல்லாட்டியும் பர்மாவுல இந்தத் தின்கன்ஜூன் பக்கம் மத்தியானம் கரண்ட் எங்கே இருக்கு? அதான் தெருமுனை வாடகைப் புஸ்தகக் கடையில ஒரு பர்மா பாஷைக் கதைப் புஸ்தகம் எடுத்துட்டு வந்து, ஒரு கையால விசிறிக்கிட்டே, தமிழ்ல மாத்திச் சொல்லிட்டிருந்தா விஜயகுமாரி. எந்த ஊர்க் கதைன்னாலும் தமிழ்ல கேட்டாத்தான் கனகாம்பாளுக்குக் கதை.

அந்தக் கடைக்காரம்மா டோ மியா இருக்காங்களே, அவங்களுக்கு ஒரு வியாதி. புஸ்தகத்தைக் குடுக்கும்போதே முடிவையும் சேத்துக் குடுத்துடுவாங்க. ஒரு தடவை கொலைகாரன் யாருன்னு சொல்லப் போய், புருஷன் பொண்டாட்டி கடை வாசல்லயே சண்டை போட்டுக்கிட்டாங்க. அந்தப் பொண்டாட்டி இப்போ மாந்தலேல கடை வச்சிருக்கா, நல்லா இருக்கா. அது கெடக்கட்டும்.

இந்தப் புஸ்தகம் ஏதோ தூர தேசத்துப் பழைய காலத்து ராஜாங்கத்துக் கதை. கரடிக்குத் தீனி போடுறவரோட பொண்ணு, வயித்துப் பாட்டுக்குக் கூத்தாடுறா. இளவரசன் அவமேல உசுரா இருக்கான். பின்னால அவதான் மகாராணியே ஆகுறா. ஆனா இளவரசன் வீட்டுக்குப் பெரியவளான பெரிய ராணி உசுரோட இருக்கிற வரைக்கும் கல்யாணம் நடக்கலை. கூத்தாடிச்சி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னவ, கடைசி மூச்சு வரைக்கும் மனசு மாறலை. டோ மியா மொத நாளே சொல்லிட்டாங்க.

கேட்டதுமே அந்த முடிவை மாத்தித்தான் படிக்கணும்னு விஜயகுமாரி நெனச்சுக்கிட்டா. ஏன்னா அவ வீட்டுலயும் அதே கதைதான்.

கொழுந்தன் பாலா, ஊரோட அந்தக் கோடி இன்சீன்ல இருக்கிற தமிழ்மணியைத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். அப்பன் இல்லாத ஏழைப் பொண்ணு. பர்மாப் படத்துல சின்னச் சின்ன வேஷம் கட்டுது. பெரும்பாலும் பேய் வேஷம். அந்தப் பொண்ணு முடியை விரிச்சுப் போட்டு நடந்து வந்தா தியேட்டர்ல புள்ளைங்க அலறும். நேர்ல பாத்தா பல்லிக்குப் பயப்படும்.

“பேய்க்கெல்லாம் என் வீட்டுல எலை போட முடியாது,” ன்னுட்டாங்க கனகாம்பாள். அன்னையிலேருந்து பாலா வீட்டுல சாப்பிடுறதில்லை. இந்த மாசம் போனதும் தனியா ரூம் எடுத்துப் போறேன்னு அண்ணிகிட்ட மட்டும் சொல்லி வச்சிருந்தான்.

விஜயகுமாரிக்கு அதைத் தாங்க முடியலை. புருஷன் மலேசியாவுல இருந்தப்போ, ஊரெல்லாம் மழைத் தண்ணி நிக்கையில அவளுக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. டாக்ஸி வரலை. மூணு சக்கர சைக்காவை ஒருநாளும் மிதிச்சறியாத பாலா, அண்ணியை அதுல உக்கார வச்சு முழங்கால் தண்ணியில ஆஸ்பத்திரி வரைக்கும் மிதிச்சான். அந்தக் கடனை எந்த ஜென்மத்துல தீக்கிறது?

கதை படிக்கையில ஒரு நாள், இளவரசன் பெரிய ராணிகிட்டப் பேசப் போற எடத்துல புஸ்தகத்தை மூடினா. மீதி நாளைக்குன்னுட்டா. பொய்யைத் தயார் பண்ண அவகாசம் வேணும்ல?

கனகாம்பாளுக்கு இருப்புக் கொள்ளலை. சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, வெத்தலை வாங்கணும்னு தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தாங்க.

மறுநாள் விஜயகுமாரி தொண்டையைச் செருமிக்கிட்டு, புஸ்தகத்துல இல்லாத பக்கத்தைப் படிக்க ஆரம்பிச்சா. பெரிய ராணி மொதல்ல மொறைச்சாளாம். அப்புறம் அந்தப் பொண்ணைக் கூட்டியாரச் சொன்னாளாம். காஞ்சு போயிருக்கியேடின்னு பக்கத்துல உக்கார வச்சு, தன் கையால சோறு போட்டாளாம்.

“என்ன சோறு?” ன்னாங்க கனகாம்பாள்.

விஜயகுமாரி இதை எதிர்பாக்கலை. காலையில தின்னதுதான் வாயில வந்துச்சு. “மொஹிங்கா, அத்தை.”

“அந்த ஊர்லயும் சேமியாவுல மீன் கொழம்பு ஊத்தி மொஹிங்கா திம்பாங்களா?”

“ராஜா வீடாச்சே அத்தை. என்னதான் இருக்காது?”

கனகாம்பாள் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு, மேல படின்னாங்க. அதுக்கப்புறம் வந்த பக்கமெல்லாம் பெரிய ராணி தங்கமா மாறிட்டா. மருமகளுக்குத் தலை பின்னி விட்டா. சபையில ஒருத்தன் கூத்தாடிச்சின்னதுக்கு அவன் உத்தியோகத்தையே பிடுங்கினா.

கதை முடிஞ்ச அன்னிக்குக் கனகாம்பாள் வெத்தலையைத் துப்பிட்டு வந்து உக்காந்தாங்க. அப்புறம், அந்தப் பொண்ணை ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுன்னு பாலாகிட்டச் சொல்லச் சொன்னாங்க.

தமிழ்மணி இன்சீன்லேருந்து ஊரைச் சுத்தி வர்ற ரயில் ஏறி வந்துச்சு. கனகாம்பாள் அதும் பக்கத்துல உக்காந்து, காஞ்சு போயிருக்கியேடின்னு சொல்லி, தன் கையால மொஹிங்கா ஊத்தினாங்க. பாலாவும் தட்டை எடுத்துட்டு வந்து உக்காந்தான். விஜயகுமாரி அடுப்படியில போய் நின்னு முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. தான் சொன்ன பொய்க்கு இவ்வளவு பலமான்னு கொஞ்சம் கர்வமும்தான்.

மறுநாள் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கப் போனா. டோ மியா சிரிச்சுக்கிட்டே, உன் மாமியாருக்கு அவசரம் ஜாஸ்தி, அன்னிக்கு ஒரு சாயங்காலம் வந்து பெரிய ராணி ஒத்துக்கிட்டாளான்னு கேட்டாங்க, நானும் அவ சாகுற வரைக்கும் ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன்னாங்க.

விஜயகுமாரிக்கு வீட்டுக்கு வர்ற வழியே தெரியலை.

கனகாம்பாள் வாசல்ல உக்காந்து வெத்தலைக் காம்பு கிள்ளிட்டிருந்தாங்க. மருமக மொகத்தைப் பாத்ததுமே எங்கேருந்து வர்றான்னு புரிஞ்சுடுச்சு.

“அத்தை, நான் வந்து...”

“அந்தப் பெரிய ராணிக்குப் பொய் சொல்லிப் படிச்சுக் காட்ட ஒரு மருமக இல்லை, விஜயா,” ன்னாங்க. “எனக்கு இருக்கா.”