பச்சை லைட் சிமிட்டுதாம்மா?

காலையிலிருந்து முப்பது பேர் போனைப் பட்டென்று வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் வாயில் வந்தபடி அர்ச்சனை செய்தார்கள். முப்பத்து மூன்றாவதாக ஒரு பெண்மணி மட்டும், "சொல்லுங்க தம்பி" என்றாள்.

சர்க்கரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். குரலுக்காகக் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. தொழில், பேங்க் அதிகாரி போலப் பேசி அடுத்தவர் கணக்கைத் துடைப்பது. எதிர் மேஜையில் இருந்த அவன் மச்சான்தான் 'மேலதிகாரி'. மாடியில் ஒரு வாடகை அறை, ஆறு போன், கிறீச்சிடும் ஒரு ஃபேன். அவ்வளவுதான் அவர்களுடைய தலைமை அலுவலகம்.

"பேங்க்லேருந்து பேசறேம்மா. உங்க கணக்கை இன்னிக்கு சாயங்காலம் முடக்கப் போறாங்க. நான் சொல்ற ஆப்பை உங்க போன்ல போட்டீங்கன்னா காப்பாத்திடலாம்."

"ஐயையோ! என்னுது பட்டன் போனாச்சே."

"கம்ப்யூட்டர் இருக்காம்மா?"

"உள்ளங்கை அகலத்துல ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு இருக்கு. லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்ட மெமரி கார்டைச் சொருகினா ஓடணுமாம். மூணு நாளா ஓட மாட்டேங்குது. பெரியவர் என்னைக் கரிச்சுக் கொட்டறார்."

மாமனார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சர்க்கரை. மச்சான், 'விட்டுத் தள்ளு' என்று கையை வீசினான்.

"கணக்குல எவ்வளவும்மா இருக்கும்?"

"அதெல்லாம் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பெரியவர் உத்தரவு."

அப்படியென்றால் கொழுத்த கணக்குதான். சர்க்கரைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தவிர, இந்தத் தொழிலுக்கு வருமுன் அவன் ஏழு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவன். ஓடாத மெஷின் என்று காதில் விழுந்தால் கை நமநமக்கும்.

"போர்டுல பச்சை லைட் சிமிட்டுதாம்மா?"

"சிவப்பு மட்டும் எரியுது. பச்சை செத்துக் கிடக்கு."

"கரண்ட் போகுது, கார்டைத்தான் படிக்க மாட்டேங்குது. லினக்ஸை அதுல எப்படி ஏத்துனீங்க?"

"ஃபைலைக் காப்பி பண்ணி கார்டுல அப்படியே போட்டேன்."

சர்க்கரை தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்படிப் போடக் கூடாதும்மா! கட்டின மூட்டையைக் கொண்டுபோய் அலமாரியில வச்ச மாதிரி ஆயிடும். அதைப் பிரிச்சு எழுதறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. வேற கம்ப்யூட்டர் ஏதாவது?"

"பெரியவரோடது இருக்கு. நீங்க சொல்ற புரோகிராம் அதுல இருக்கு. கார்டு எழுத மட்டும்தான் தொடலாம். மத்ததுல கை வச்சா தோலை உரிச்சுடுவார்."

எழுதினார்கள். பாதி வழியில் ஒரு தடவை நின்றது. திரும்ப எழுதினார்கள். முடிந்ததும் சரிபார்க்கும் இடத்தில் 'பிழை' என்று வந்தது. மச்சான் அதற்குள் இரண்டு தடவை டீ குடித்துவிட்டான்.

"எழுதினது ஒண்ணு, படிக்கறது ஒண்ணுன்னு வருதுன்னா, அது போலிக் கார்டும்மா. எவனோ உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்." சர்க்கரைக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "இந்தக் காலத்துல யாரையும் நம்பக் கூடாதும்மா!"

"நீங்க சொன்னா சரிதான் தம்பி."

அவள் எங்கிருந்தோ வேறு கார்டு தேடிக் கொண்டுவந்தாள். மறுபடியும் எழுதினார்கள். இந்த முறை பிழை வரவில்லை. சொருகச் சொல்லிவிட்டு சர்க்கரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"சிமிட்டுது தம்பி! பச்சை சிமிட்டுது! திரையில என்னென்னமோ ஓடுது!"

சர்க்கரை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். ஏழு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. இவளை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மச்சானின் முறைப்பைப் பார்த்ததும் அந்த எண்ணம் ஓடிப்போயிற்று.

"கோவிச்சுக்காதீங்க, மைக்கும் வேலை செய்யுதான்னு பாத்துடலாமா? எல்லாத்தையும் பெரியவர் காதால கேக்கணுமாம்."

கிழவருக்குப் பேரப்பிள்ளைகளோடு பேச ஆசையாக்கும். மைக்கை எந்தத் துளையில் சொருகுவது, எங்கே தேர்ந்தெடுப்பது என்று அதையும் சொல்லிக்கொடுத்தான்.

"சரிம்மா, இப்ப நம்ம வேலைக்கு வருவோம்."

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சு தம்பி. முதல்லேருந்து நிதானமா சொல்லுங்க. உங்க மேலதிகாரியையும் ஒரு வார்த்தை பேசச் சொன்னா தைரியமா இருக்கும்."

சர்க்கரை முதலிலிருந்து தேனாகச் சொன்னான். பேங்க் பெயர், தன் பதவி, முடக்கப்போகும் நேரம், பணத்தைப் பத்திரமாக மாற்றிவைக்க வேண்டிய கணக்கு எண். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த எண்ணை அவள் கேட்டபடி ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை வாசித்தான்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சர்க்கரை சொன்னதெல்லாம் அவன் குரலிலேயே தூரத்தில் ஒலித்தது.

"அட்சரம் பிசகாம விழுந்திருக்கு தம்பி," என்றாள் அவள். "மூணு நாளா படுத்துக் கிடந்த எங்க சைபர் குற்றப் பிரிவு ரெக்கார்டரை எழுப்பிக் குடுத்ததுக்கு, நேர்லயே நன்றி சொல்லச் சொல்லிப் பெரியவர் உங்க போன் சிக்னலை வச்சு இடம் பிடிச்சு ஆள் அனுப்பியிருக்கார்; கீழேதான் நிக்கறாங்க, மாடிப்படி எந்தப் பக்கம்னு கேக்கறாங்க."