இருவரும் ஒருவரே

வஞ்சியூர் நோட்டரியின் அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே மேஜைமீது கோடு கோடாக விழுகிறது. அதன் குறுக்கே முத்திரைத்தாள் கிடக்கிறது. பட்டாளத்துப் பதிவேட்டில் ஓய்வுபெற்ற ஹவில்தார் குற்றாலலிங்கத்தின் மனைவி என்று மரகதத்தின் பெயர்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி உலகம்மையின் பெயர் இல்லை. கிளார்க் செய்த தப்பு என்று போன வாரம்வரை அவர் சாதித்தார். மரகதத்தின் அப்பா பெயரும் வலியசாலை வீட்டு நம்பரும் அந்தக் கிளார்க்குக்கு எப்படித் தெரியும் என்று உலகம்மை கேட்டதிலிருந்து அந்தச் சாக்கை விட்டுவிட்டார். “மரகதமும் உலகம்மையும் ஒராளுதான்னு ஒப்பு போட்டா மதி அம்மே, அது போதும், ரெக்கார்டைத் திருத்திடுவாங்க” என்று கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டுகிறாள் நோட்டரி அஞ்சு. குற்றாலலிங்கம் பேனாவைத் திறந்து மனைவியிடம் நீட்டுகிறார். உலகம்மை அதை வாங்கி, நிதானமாக மூடி, மடியில் வைத்துக்கொள்கிறாள். “நான் அவ இல்ல. அவ யாருன்னு இவரே சொல்லட்டும், நீ அப்படியே எழுதும்மா.” பெஞ்சில் காத்திருக்கும் நாலு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் உதடு மெல்ல அசைகிறது. வெளி வராந்தாவில் யாரோ குடை மடக்குகிற ஓசைகூட உலகம்மைக்குத் தெளிவாகக் கேட்கிறது. “எனக்குக் காது மந்தம்” என்கிறாள். “உரக்கச் சொல்லச் சொல்லு.”