ஏழாவது கோப்பை

காய்ச்சல் விட்டு இருபது நாளாகியும் எனக்கு வாசனை திரும்பவில்லை. காப்பி ருசி பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. வாசனை போனதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. மேசையில் ஏழு கோப்பைகள், ஏழு விதமான வறுவல்கள். எதிரே, என்னோடு மதிப்பெண் போடும் மூத்தவர் பொன்னுரங்கம் சார். "எழுதி முடிக்கிற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாதும்மா" என்றார், வழக்கம்போல. பிறகு கரண்டியால் சர்ரென்று உறிஞ்சித் துப்பினார். அவர் புருவம் உயர்ந்தால் எட்டு போட்டேன், சுருங்கினால் ஐந்து. ஒவ்வொரு வாய்க்கும் அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கண்டுபிடித்துவிட்டாரோ என்று நான் இன்னும் சத்தமாக உறிஞ்சினேன். ஏழாவது கோப்பைக்கு வந்தபோது, அவருக்குப் பின்னால் வறுக்கும் அறையின் கதவிடுக்கில் புகை கசிவதைப் பார்த்தேன். வறுப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே கொட்டை கருகிக்கொண்டிருந்தது. சார் முதலில் மோந்து திரும்பட்டும், பிறகு நானும் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். புகை அவர் தோளைத் தொட்டது. அவர் திரும்பவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தபடி என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.